மழையில் கரகரக்கும் விமான ரேடியோ: கோளாறைக் கண்டுபிடிப்பது முதல் சரிசெய்வது வரை

ஜூன் மாதம் மும்பையில் மழை பிடித்தவுடன் ஜூஹூ விமான நிலையத்து ஹேங்கர்களில் (விமானக் கொட்டகைகளில்), குறைகளை எழுதும் டெக் லாக் புத்தகம் ஒரே மாதிரிப் புகார்களால் நிரம்பத் தொடங்கும். "காம் 1 வீக்", "காம் 2 நாய்ஸ் அதிகம்", "டவர் ரீடபிலிட்டி 2 என்கிறது" என்று இரண்டு மூன்று சொற்களில் எழுதியிருப்பார்கள். காம் என்பது பேச்சு ரேடியோ; ரீடபிலிட்டி என்பது பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதற்கான மதிப்பெண். மெஷினை, அதாவது விமானத்தை, உள்ளே இழுத்துவைத்து மறுநாள் வெயிலில் சோதித்தால் ரேடியோ கணீரென்று பேசும். "தரையில் சோதித்தோம், குறை இல்லை" என்று எழுதி விடுவித்தால், அடுத்த மழைக்கு அதே புகார் திரும்பி வரும். இடையில் யாராவது ரேடியோ பெட்டியையே கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பியிருப்பார்கள். அங்கேயும் குறை இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள், பில் மட்டும் வந்திருக்கும்.

மழையில் மட்டும் தலைகாட்டும் கோளாறுக்குப் பெட்டி காரணமாக இருப்பது அபூர்வம். பெட்டிக்கும் வானத்துக்கும் நடுவில் இருக்கும் ஆன்டெனா அடித்தளம், கோஆக்ஸ் கேபிள் (நடுக்கம்பியைச் சுற்றிப் பின்னல் உள்ள ஆன்டெனா கம்பி), பிஎன்சி கனெக்டர் (அந்தக் கேபிளின் முனை இணைப்பான்), ஹெட்செட் ஜாக் ஆகியவற்றில்தான் தேட வேண்டும். செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களையும், வெட்டவெளியில் நிற்கும் ஹெலிகாப்டர்களையும் மனதில் வைத்து, மும்பையில் இந்தத் துறையில் இருக்கும் தமிழ் டெக்னீஷியன்களுக்கும், லைசென்ஸுக்குப் படிப்பவர்களுக்கும், பைலட்களுக்கும் எழுதியது இது. காக்பிட் சோதனைகளைப் பைலட்டே செய்யலாம். ஆன்டெனாவைக் கழற்றுவதும் கேபிளை வெட்டுவதும் பி2 லைசென்ஸ் (விமான மின்னணுப் பராமரிப்புக்கானது) உள்ள இன்ஜினியரின் கையெழுத்தில் நடக்க வேண்டியவை. இங்கே சொல்லும் எண்ணுக்கும் உங்கள் மெஷினின் மெயின்டனன்ஸ் மேனுவலுக்கும் வித்தியாசம் இருந்தால், மேனுவல் சொல்வதுதான் செல்லும்.

மழை அலையைத் தடுப்பதில்லை

விமானப் பேச்சு ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை ஏஎம் முறையில் வேலை செய்கிறது. இந்த அலையின் நீளம் 2.2 மீட்டரிலிருந்து 2.5 மீட்டர் வரை. மழைத்துளியோ சில மில்லிமீட்டர்தான். அவ்வளவு சிறிய துளி அவ்வளவு நீளமான அலையை ஒன்றும் செய்துவிடாது. மழை அலையை விழுங்குவது பல ஆயிரம் மெகாஹெர்ட்ஸுக்கு மேலேதான் கணிசமாகத் தெரியும். அதனால்தான் விமானத்தின் வானிலை ரேடார் 9,000 மெகாஹெர்ட்ஸைத் தாண்டி வேலை செய்கிறது. ஆகவே "வெளியே கொட்டுகிற மழையில் சிக்னல் எப்படிப் போகும்?" என்ற ஹேங்கர் சமாதானத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

மழைநாளில் ரேடியோ கெடுவதற்கு உண்மையான வழிகள் மூன்று.

முதலாவது, ஓதம். நீர் மெஷினுக்குள் இறங்கி ஆன்டெனா, கேபிள், ஜாக் ஆகியவற்றைக் கெடுப்பது. பெரும்பாலான புகார்கள் இந்த வகைதான். ஜூஹூவுக்குக் கடல் கூப்பிடு தூரம். காற்றில் வரும் உப்பு எல்லா மேற்பரப்பிலும் மெல்லிய படலமாகப் படிகிறது. காய்ந்த உப்பு மின்சாரம் கடத்தாது. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். மும்பை மழைக்காலக் காலைகளில் ஈரப்பதம் இந்த அளவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். மழையே பெய்யாத காலையில் ரேடியோ கரகரப்பதும், மதியம் வெயில் வந்ததும் சரியாவதும் இதனால்தான்.

இரண்டாவது, மழைத்துளிகளும் பனிப்படிகங்களும் பறக்கும் மெஷினில் உரசி மின்னூட்டம் ஏற்றுவது. இதை பி-ஸ்டேடிக் என்பார்கள்.

மூன்றாவதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. மேகம் இறங்கினால் பைலட்டும் இறங்கிப் பறக்கிறார். இந்தப் பேச்சு ரேடியோ பயன்படுத்தும் வி.எச்.எஃப். நேர்கோட்டில் போகும் அலை, தொடுவானத்தைத் தாண்டாது. அடிக்கணக்கில் சொன்ன உயரத்தின் வர்க்கமூலத்தை 1.23ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கடல் மைலில் என்று கிடைக்கும். 3,000 அடியில் 67 கடல் மைல், 1,000 அடியில் 39, 500 அடியில் 27 சொச்சம். தரை ஆன்டெனா உயரத்தில் இருந்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கடலுக்குள் சுமார் 160 கிலோமீட்டரில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயல் பக்கம் போகும் ஹெலிகாப்டர், கோடையில் 3,000 அடியில் பேசிய இடத்திலிருந்து மழையில் 1,000 அடியில் பேச முடியாது. ரேடியோவைக் குறை சொல்வதற்குமுன் அந்தப் பயணத்தின் உயரத்தைக் கேளுங்கள். புகார்களில் சில இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

பைலட்டிடம் என்ன கேட்பது

"வீக்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதையும் கழற்றாதீர்கள். கேட்க வேண்டியவை: கேட்பதில் குறையா, பேசுவதில் குறையா, இரண்டிலுமா? ஒரு காமிலா, இரண்டிலுமா? பறக்கும்போது மட்டுமா, நிற்கும்போதுமா? மழைக்குள் இருக்கும்போதா, மழை விட்டு வெளியே வந்த பின்னுமா? சத்தம் எப்படி இருந்தது?

பதிலைப் பொறுத்துத் தேடும் இடம் மாறும்.

- இரண்டு பக்கமும் வீக், ஒரு காம் மட்டும்: அந்தக் காமின் ஆன்டெனா அல்லது கோஆக்ஸ்.
- நன்றாகக் கேட்கிறது, ஆனால் டவருக்கு வெறும் கேரியர்தான் போகிறது, குரல் இல்லை: மைக், மைக் ஜாக், அல்லது பிடிடி (பேச அழுத்தும் பொத்தான்) வயரிங்.
- இரண்டு காமிலும் ஒரே நேரத்தில் ஒரே குறை: ஆடியோ பேனல், ஹெட்செட், ஜாக், அல்லது பொதுவான கிரவுண்ட்.
- மழைக்குள் நுழைந்ததும் தொடர்ச்சியான "ஸ்ஸ்ஸ்" இரைச்சல், வெளியே வந்ததும் மறைவது: பி-ஸ்டேடிக்.
- விட்டுவிட்டு "பட்... படபட" என்று வெடிப்பது: மின்னல். ஏஎம் ரேடியோவில் அது கேட்கத்தான் செய்யும். அது கோளாறல்ல, பக்கத்தில் இடிமேகம் இருக்கிறது என்ற தகவல்.
- இன்ஜின் வேகத்தோடு கூடிக் குறையும் "டிக்டிக்": இக்னிஷன் கம்பிகளில் ஈரம். மேக்னெட்டோவை (இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி) இடது, வலது என்று மாற்றிக் கேட்டால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.
- யாரும் பிடிடி அழுத்தாமலே டிஎக்ஸ் (டிரான்ஸ்மிட்) விளக்கு எரிவது: பிடிடி ஸ்விட்சில் நீர்.

கடைசியில் சொன்னது அவசரம். மாட்டிக்கொண்ட பிடிடி உங்கள் ரேடியோவை மட்டுமல்ல, அந்த ஃப்ரீக்வென்ஸியில் இருக்கும் அத்தனை பேரின் பேச்சையும் முடக்கும். பல நவீன ரேடியோக்கள் 30–35 விநாடிக்குப் பிறகு தாமாகவே டிரான்ஸ்மிட்டை நிறுத்தி எச்சரிக்கை காட்டும். பழைய ரேடியோக்களில் அந்த வசதி கிடையாது.

காக்பிட்டில் பத்து நிமிடம்

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. மெஷின் நனைந்திருக்கும்போதே செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம். துடைத்துக் காயவைத்த பிறகு செய்தால் பயனில்லை. எரிபொருள் ஏற்றும்போது டிரான்ஸ்மிட் செய்யக்கூடாது. ஆன்டெனா அருகில் யாரும் கை வைக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்மிட் ஆகும் ஆன்டெனாவைத் தொட்டால் தோல் பொசுங்கும்.

1. ஸ்குவெல்ச்சை (பின்னணி இரைச்சலை அடக்கும் அமைப்பு) திறந்து காம் 1, காம் 2 இரண்டின் பின்னணி இரைச்சலையும் மாறிமாறிக் கேளுங்கள். ஒன்றில் மட்டும் இரைச்சல் செத்துப்போய் இருந்தால் அந்தப் பக்க ஆன்டெனா வழி அடைபட்டிருக்கிறது.

2. மும்பை ஏடிஐஎஸ் (விமான நிலையத் தகவல்) ஒலிபரப்பை இரண்டிலும் வைத்துக் கேளுங்கள். தொடர்ந்து ஓடும் ஒலிபரப்பு என்பதால் ஒப்பிட வசதி. டவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

3. டவரிடம் அனுமதி கேட்டு, ஒவ்வொரு காமிலும் ஒரே வாக்கியத்தில் ரேடியோ செக். ரீடபிலிட்டி 1 என்றால் புரியவே இல்லை. 3 என்றால் சிரமப்பட்டுப் புரிகிறது. 5 என்றால் தெளிவு. ஆனால் ஜூஹூவில் நின்றுகொண்டு ஜூஹூ டவரிடம் கிடைக்கும் 5ஐ நம்பிவிடாதீர்கள். சில நூறு மீட்டருக்கு, ஆன்டெனாவே கழன்றுபோன ரேடியோகூடப் போதும்.

4. ஹெட்செட்டை மாற்றிப் பாருங்கள். பிறகு இடது இருக்கை ஜாக்கிலிருந்து வலது ஜாக்குக்கு மாறுங்கள். பிறகு கையில் பிடிக்கும் மைக்கை வையுங்கள். குறை எதோடு நகர்கிறது என்று பார்த்தால் ஆடியோ பக்கம் பாதி வேலை முடிந்தது.

5. இரண்டு காமும் ஒரே மாடலாக இருந்தால், இன்ஜினியர் பெட்டிகளை இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். குறை பெட்டியோடு போனால் பெட்டி. இருந்த இடத்திலேயே நின்றால் வயரிங் அல்லது ஆன்டெனா. பெட்டியை இழுக்கும்போது ட்ரேயின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். செஸ்னாவில் விண்ட்ஷீல்டின் மேல் விளிம்பிலும் இறக்கை பொருந்தும் இடத்திலும் ஒழுகும் நீர் பேனலுக்குப் பின்னால் சொட்டுவது வழக்கம். கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு இருந்தால் விடை அங்கேயே இருக்கிறது.

ஜிபிஎஸ் உள்ள மெஷினில் இன்னொரு சோதனை உண்டு. 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 மெகாஹெர்ட்ஸில் சில விநாடிகள் டிரான்ஸ்மிட் செய்து ஜிபிஎஸ் சிக்னல் விழுகிறதா என்று பார்ப்பது. ஜிபிஎஸ் வேலை செய்யும் 1575.42 மெகாஹெர்ட்ஸை 13ஆல் வகுத்தாலும் 12ஆல் வகுத்தாலும் இந்த எண்களின் அருகில்தான் வந்து நிற்கும். களிம்பேறிய இணைப்பு டயோடு மாதிரி வேலை செய்து இந்த ஹார்மோனிக்குகளை (மூல அலையின் மடங்குகளை) கூட்டிவிடும். கோடையில் நன்றாக இருந்த ஜிபிஎஸ் மழைக்காலத்தில் பேசும்போது மட்டும் தடுமாறினால், ஜிபிஎஸ்ஸை விட்டுவிட்டு காம் ஆன்டெனா அடித்தளத்தைப் பாருங்கள்.

ஆன்டெனாவும் கோஆக்ஸும்: அளந்து பார்ப்பது

தேவையானவை: 100–250 மெகாஹெர்ட்ஸுக்கான 25 வாட் 'சி' எலிமென்ட்டோடு பேர்ட் 43 வாட்மீட்டர் அல்லது அதற்கு இணையானது, 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் சக்தியை வாங்கிக்கொள்வது), 500 வோல்ட் மெகர் (காப்புத் தடையை அளக்கும் கருவி), மில்லிஓம் அளக்கும் பாண்டிங் (உலோகத் துண்டுகளின் மின்னிணைப்பு) மீட்டர், இரண்டு குட்டை பிஎன்சி கேபிள். ஆன்டெனாவையும் கேபிளையும் அலைவரிசை முழுக்க அளக்கும், கைக்கு அடக்கமான விஎன்ஏ கருவி இருந்தால் தேடுவதற்கு அருமையாக உதவும். ஆனால் டெக் லாக்கில் ஏறும் எண், காலிபரேஷன் தேதி உள்ள கருவியிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும்.

முதலில் ரேடியோ முனையில் வாட்மீட்டரைப் போட்டு 118.0, 127.0, 136.9 ஆகிய மூன்று இடங்களுக்கு அருகில், யாரும் பேசாத ஃப்ரீக்வென்ஸியில், டவர் அனுமதியோடு போகும் சக்தியையும் திரும்பும் சக்தியையும் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் பத்து விநாடிக்குள் முடியுங்கள். 121.5 பக்கம் போகவே கூடாது, அது அவசர அலைவரிசை. 10 வாட் போய் 1.1 வாட் திரும்பினால் விஎஸ்டபிள்யூஆர் (எவ்வளவு சக்தி திரும்புகிறது என்பதைக் காட்டும் விகிதம்) 2:1, நல்லது. 2.5 வாட் திரும்பினால் 3:1. பல மேனுவல்களில் எல்லை அதுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, அனுபவசாலிகளே அதில் விழுவார்கள். நீர் ஊறிய கேபிளில் இழப்பு அதிகம். போகும் சக்தியில் பாதியைக் கேபிள் தின்கிறது, ஆன்டெனாவில் மோதித் திரும்புவதிலும் பாதியைத் தின்கிறது. மீட்டருக்குத் திரும்பி வந்து சேருவது சொற்பம். எனவே மீட்டர் 1.3:1 என்று அழகாகக் காட்டும். வறண்ட நாளில் 1.8 காட்டிய மெஷின் மழைநாளில் 1.3 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், கேபிள் ஊறிவிட்டது.

அதனால் இரண்டாவது அளவு கட்டாயம். கேபிளை ஆன்டெனாவிலிருந்து கழற்றி, அந்த முனையில் வாட்மீட்டரும் டம்மி லோடும் போட்டு, எவ்வளவு வந்து சேருகிறது என்று பாருங்கள். 3 மீட்டர் நல்ல ஆர்ஜி-400 கேபிளில் கனெக்டர்களையும் சேர்த்து இழப்பு அரை டெசிபல் சுற்றித்தான் இருக்கும். 10 வாட் கொடுத்தால் 9 வாட்டுக்கு நெருக்கமாக வர வேண்டும். 6 வாட், 5 வாட் என்று வந்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை, கேபிளை மாற்றுங்கள்.

மூன்றாவது மெகர். கேபிளின் இரு முனைகளையும் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும். ரேடியோ மாட்டியிருக்கும்போது 500 வோல்ட் கொடுத்தால் ரேடியோ போய்விடும். ஆன்டெனா மாட்டியிருந்தால் அளவே தப்பு: பல ஆன்டெனாக்களில் நடு முனையும் அடித்தளமும் உள்ளுக்குள்ளேயே டிசியில் இணைந்திருக்கும், மல்டிமீட்டர் ஷார்ட் என்று காட்டும். அது கோளாறு அல்ல. இந்த "ஷார்ட்"டைப் பார்த்து நல்ல ஆன்டெனாவைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. தனியாக நிற்கும் நல்ல கேபிள் ஆயிரம் மெகாஓமுக்கு மேல் காட்டும். 100க்குக் கீழே வந்தால் சந்தேகம், 10க்குக் கீழே என்றால் கழற்றிவிடலாம்.

நனைத்துச் சோதிப்பது

காய்ந்த மெஷினில் எல்லா எண்ணும் சரியாக இருந்தால், நீங்களே மழை பெய்விக்க வேண்டும்.

1. வேகமும் உயரமும் காட்டக் காற்றழுத்தத்தை எடுக்கும் பிட்டோ குழாயையும் ஸ்டேடிக் துளைகளையும் சிவப்புக் கொடி தொங்கும் மூடியால் மூடுங்கள். மூடியதை டெக் லாக்கில் எழுதுங்கள். முடித்தவுடன் எடுக்க வேண்டும். இதை மறந்தால் ரேடியோவைவிடப் பெரிய ஆபத்து.

2. செடிக்கு மருந்தடிக்கும் 5 லிட்டர் கை பம்பில் குழாய்த் தண்ணீர் போதும். பிரஷர் வாஷர் கூடாது. அது மழை ஒருபோதும் போகாத இடத்துக்கெல்லாம் நீரை அடித்து, இல்லாத கோளாறை உண்டாக்கும்.

3. உள்ளே கனெக்டர்களைச் சுற்றி வெள்ளை டிஷ்யூ பேப்பர் கட்டுங்கள். எங்கே முதலில் நனைகிறதோ அங்கேதான் வழி.

4. கீழிருந்து மேலே போங்கள். முதலில் வயிற்றுப் பக்க ஆன்டெனா அடித்தளம், பிறகு கதவுச் சட்டம், பிறகு இறக்கை பொருந்தும் இடம், விண்ட்ஷீல்ட் மேல் விளிம்பு, கடைசியாகக் கூரை ஆன்டெனா. மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இடத்தையும் நனைத்து, எது காரணம் என்று சொல்ல முடியாமல் போகும். ஒவ்வோர் இடத்திலும் 5 நிமிடம் தெளித்து, 10 நிமிடம் காத்திருந்து, வாட்மீட்டரைப் பாருங்கள்.

அந்தப் பத்து நிமிடக் காத்திருப்பைச் சுருக்காதீர்கள். நீர் இடுக்கு வழியே ஊர்ந்து கனெக்டரை எட்ட நேரம் எடுக்கும்.

எங்கும் கிடைக்கவில்லை என்றால் வயிற்றுப் பக்க வடிகால் துளைகளைப் பாருங்கள். பழைய சீலன்ட், தூசி, பூச்சிக் கூடு ஆகியவற்றால் அடைபட்டிருந்தால் உள்ளே நீர் தேங்கி, கீழ் ஆன்டெனாவின் கனெக்டர் குளத்தில் நிற்கும். மெஷின் மூக்கைத் தூக்கி ஏறும்போது நீர் பின்னால் போய்விடும், ரேடியோ நன்றாகும். இறங்கும்போது திரும்ப வரும். "ஏறும்போது சரி, அப்ரோச்சில் வீக்" என்று பைலட் சொன்னால் முதல் வேலை இதுதான். உலோகக் கம்பி விடாமல் மரக்குச்சியாலோ நைலான் குச்சியாலோ துளையைத் திறவுங்கள்.

சரிசெய்வது: ஆன்டெனா அடித்தளம்

பேட்டரி மாஸ்டரை அணைத்துவிட்டு, பழைய சீலன்ட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் வெட்டி ஆன்டெனாவை இறக்குங்கள். கேபிள் உள்ளே விழுந்துவிடாமல் ஒரு நூல் கட்டிவிடுங்கள். அடியில் வெள்ளைப் பொடி இருந்தால் அலுமினிய அரிப்பு; பச்சை என்றால் பித்தளை, செம்புக் களிம்பு.

விமானத்தின் உலோகத் தோலைச் சுத்தம் செய்ய நைலான் ஸ்காட்ச்பிரைட் மட்டும் பயன்படுத்துங்கள். ஸ்டீல் வுல் போட்டால் இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து அடுத்த அரிப்புக்கு விதை போடும். அரிப்பு ஆழமாக இருந்தால் எவ்வளவு சுரண்டலாம் என்பதை ஸ்ட்ரக்சரல் ரிப்பேர் மேனுவல்தான் தீர்மானிக்கும். பளபளப்பு வந்ததும் கரைப்பானால் துடைத்து, மின்தொடர்புக்கான கிளாஸ் 3 வகை ஆலோடைன் (அலுமினிய அரிப்பைத் தடுக்கும் பூச்சு) பூசுங்கள். தடிமனான கிளாஸ் 1ஏ பூச்சு அரிப்பை நன்றாகத் தடுக்கும், ஆனால் மின் தடையைக் கூட்டும். இங்கே நமக்கு வேண்டியது தொடர்பு. கையுறை போடாமல் ஆலோடைனைத் தொடாதீர்கள், அதில் குரோமியம் இருக்கிறது.

பழைய கார்க் கேஸ்கெட் இருந்தால் அதைத் திரும்பப் போடாதீர்கள், நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பார்ட்ஸ் கேட்டலாக் அனுமதித்தால் அலுமினிய வலை பதித்த ஜெல் கேஸ்கெட் கடலோரத்துக்கு நல்ல தேர்வு: நீரையும் தடுக்கும், தொடர்பும் கொடுக்கும். ஸ்க்ரூ வழியாகவே கிரவுண்ட் ஆகும் ஆன்டெனாக்களும் உண்டு. அவற்றில் ஸ்க்ரூ உட்காரும் குழியில் பெயின்ட் இருந்தால் எத்தனை புது ஆன்டெனா மாட்டினாலும் குறை தீராது.

ஸ்க்ரூவை மேனுவல் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கிய பிறகு, சீலன்ட் போடுவதற்குமுன், அடித்தளத்துக்கும் விமான உடலுக்கும் நடுவில் பாண்டிங்கை அளந்து பாருங்கள். 3 மில்லிஓமைத் தாண்டக்கூடாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி வழிகாட்டி சொல்லும் எல்லையும் இதுவே. சாதாரண மல்டிமீட்டரின் கம்பிகளே இதைப்போலப் பல மடங்கு தடை கொண்டவை, அதில் அளந்து பயனில்லை.

சீலன்ட்டுக்கு இரண்டு பாகம் கலக்கும் பாலிசல்ஃபைட், பி வகை. பி-2 என்று இருந்தால் கலந்த பின் 2 மணி நேரம் வேலை செய்யலாம், பி-1/2 என்றால் அரை மணி. மழைநாளில் உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். சுடுகாற்று கன்னை மெதுவாகக் காட்டி, துடைத்து, ஆறவிட்டுப் பூசுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், வினிகர் வாடை அடிக்கும் சிலிகானைத் தொடவே தொடாதீர்கள். அது இறுகும்போது அசெட்டிக் அமிலம் வெளியிட்டு, அடியில் இருக்கும் அலுமினியத்தை அரிக்கும். மேலே பார்க்க அழகாக இருக்கும், அடுத்த ஆண்டு திறந்தால் உள்ளே வெள்ளைப் பொடி.

சரிசெய்வது: கேபிள்

கோஆக்ஸின் வெளிப் பின்னல் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல நீரை இழுக்கும். முனையை வெட்டிப் பார்த்தால், நல்ல பின்னல் வெள்ளியாகப் பளபளக்கும். ஊறியது கறுத்தோ பச்சையாகவோ இருக்கும். கறுப்பு எதுவரை போயிருக்கிறது என்று வெட்டிக்கொண்டே போய் மீதியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். முழுக் கேபிளையும் மாற்றுங்கள். சூடுகாட்டி உலர்த்துவதும் வீண்வேலை. நீர் போகும், உப்பும் களிம்பும் அங்கேயே இருக்கும்.

பழைய மெஷின்களில் ஒற்றைப் பின்னல் ஆர்ஜி-58 இருக்கும். அங்கீகரித்த டேட்டா அனுமதித்தால் ஆர்ஜி-400க்கு மாறுவது நல்லது: வெள்ளி பூசிய இரட்டைப் பின்னல், நடுவில் பிடிஎஃப்இ (டெஃப்லான்). விட்டம் ஏறக்குறைய அதே 5 மில்லிமீட்டர் என்பதால் பழைய கிளாம்ப்களே பொருந்தும். கிரிம்ப் செய்ய (கனெக்டரை நசுக்கிப் பொருத்த), வெளி வளையத்துக்கு 0.213 அங்குல ஹெக்ஸ் டை, நடுப் பின்னுக்கு 0.068. பின்னலின் ஒரு இழைகூட நடுப் பின்னைத் தொடக்கூடாது. கிரிம்ப் செய்த பின் கையால் இழுத்துப் பார்த்து, தொடர்ச்சியும் மெகரும் பார்த்த பிறகு மாட்டுங்கள்.

மாட்டும் விதத்தில்தான் அடுத்த மழைக்கான பாதுகாப்பு இருக்கிறது. கூரை ஆன்டெனாவிலிருந்து வரும் கேபிள் நேராக ரேடியோவுக்குள் இறங்கினால், நீரும் அதன்மேல் ஓடி நேராக உள்ளே போகும். கனெக்டருக்குமுன் கேபிளைக் குறைந்தது 5 சென்டிமீட்டர் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். அது சொட்டும் இடத்தில் இன்னொரு கனெக்டர் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளைவு ஆரம் 2.5 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. 60 சென்டிமீட்டருக்குள் ஒரு கிளாம்ப்.

பிஎன்சி நீர் புகாத கனெக்டர் அல்ல. வயிற்றுப் பக்கம் இருப்பதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து முழுக்க உலர்த்தி, தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துப் பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றுங்கள். ஈரத்தோடு சுற்றினால் ஈரத்தைச் சிறை வைத்ததாகிவிடும்.

கனெக்டர் எங்கே வாங்குவது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மும்பையின் மின்னணுச் சந்தையான லேமிங்டன் ரோட்டில் பிஎன்சி கொட்டிக் கிடக்கிறது, விலையும் மலிவு. சோதனைக் கேபிள் செய்ய அது போதும். விமானத்தில் ஏறும் எதற்கும் சிஏ ஃபார்ம் 1 அல்லது அதற்கு இணையான வெளியீட்டுச் சான்று வேண்டும். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருப்பதுதான் தொல்லை.

ஜாக், மைக், பிடிடி

ஹெட்செட் ஜாக்குகள் விமான உடலிலிருந்து ஃபைபர் வாஷரால் பிரிக்கப்பட்டிருக்கும். கதவோரம் இருப்பதால் மழை முதலில் விழுவது அவற்றின்மேல்தான். வாஷர் நனைந்தால் ஆடியோ கிரவுண்டும் உடலும் இணைந்து, ஆல்டர்னேட்டரின் "ஊஊ" சத்தம் காதுக்குள் வரும். ஆல்கஹாலால் துடைத்து உலர்த்துங்கள். வாஷர் ஊறி உப்பியிருந்தால் மாற்றுங்கள். மைக்கின் பஞ்சு உறை நனைந்தால் குரல் அமுங்கும். உதிரிப் பஞ்சு இரண்டு விமானப் பையில் இருக்கட்டும், விலை அற்பம். கையில் தொங்கும் மைக்கின் ஸ்விட்ச் உப்பேறி மாட்டிக்கொள்வது கடலோர மெஷின்களில் சகஜம். மே மாதமே சோதித்துவிடுங்கள்.

பி-ஸ்டேடிக்

தரையில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காதது இது. மெஷினில் ஏறும் மின்னூட்டம் கூர்மையான முனைகளிலிருந்து காற்றில் கசியும்போதும், பாண்டிங் இல்லாத இரண்டு துண்டுகளுக்கு நடுவில் தாவும்போதும் இரைச்சல் பிறக்கிறது. ஏடிஎஃப்பும் (திசைகாட்டும் ரேடியோ) எச்.எஃப். ரேடியோவும் (தொலைதூரப் பேச்சுக்கானது)தான் முதலில் பாதிக்கப்படும், வி.எச்.எஃப்.பிலும் கேட்டால் நிலைமை முற்றிவிட்டது. வேகத்தைக் குறைத்தால் இரைச்சல் குறைகிறதா என்று பைலட் பார்க்கலாம், குறைந்தால் இதுதான்.

தரையில் ஸ்டேடிக் விக் (மின்னூட்டத்தைக் காற்றில் விடும் குச்சி) ஒவ்வொன்றையும் பாருங்கள்: முனை உடைந்திருக்கிறதா, அடி தளர்ந்திருக்கிறதா, அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டார்களா. விக்கின் தடையை மெகரில் அளந்து மேனுவல் வரம்போடு ஒப்பிடுங்கள். அது மெகாஓம் கணக்கில்தான் இருக்கும், ஷார்ட்டாக இருந்தால் அதுவும் குறையே. ஏலரான், எலிவேட்டர், ரடர் கீல்களின் பாண்டிங் பட்டைகளை வளைத்துப் பாருங்கள். வெளியே முழுதாகத் தெரியும் பட்டை லக்கின் (முனை வளையத்தின்) உள்ளே அறுந்திருக்கும்.

வானில் பேச்சு நின்றுவிட்டால்

முதலில் பறப்பதைப் பாருங்கள். ஒலியளவு, ஸ்குவெல்ச், ஆடியோ பேனல் தேர்வு, மற்ற காம், ஜாக்கை ஒருமுறை அழுத்திவிடுவது, முந்தைய ஃப்ரீக்வென்ஸி, 121.5 என்ற வரிசையில் முயலுங்கள். கிடைக்கவில்லை என்றால் டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்குப் பதில் சொல்லும் கருவி) பேச்சு நின்றதைச் சொல்லும் 7600 குறியீட்டைப் போட்டு, நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கலாம் என்பதால் பதில் வராவிட்டாலும் நோக்கத்தை இரண்டு முறை அறிவியுங்கள். மும்பை வான்பரப்பின் நெரிசலில் 7600 தாமதமாவது நல்லதல்ல. டவர் விளக்கு: தொடர் பச்சை என்றால் இறங்கலாம், விட்டுவிட்டுப் பச்சை என்றால் இறங்கத் திரும்பி வா, தொடர் சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு, விட்டுவிட்டுச் சிவப்பு என்றால் இங்கே இறங்காதே. பகலில் இறக்கையை ஆட்டி, இரவில் லேண்டிங் விளக்கை இருமுறை மினுக்கி, புரிந்தது என்று காட்டுங்கள்.

மே மாத வேலை

ஒரு மெஷினுக்கு ஒரு பகல் போதும். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுவது, வடிகால் துளைகள், ஆன்டெனா சீலன்ட் விளிம்பில் விரிசல், இரண்டு காமின் விஎஸ்டபிள்யூஆர், கேபிள் இழப்பு, பாண்டிங், விக், ஜாக். ஆன்டெனாவின் முன் விளிம்பில் மழை அடித்துப் பெயின்ட் உரிந்து ஃபைபர் தெரிந்தால் மாற்றிவிடுங்கள், அது நீர் குடிக்கும். மெட்டாலிக் பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள். அளந்த எண்களை மெஷின் வாரியாக, தேதியும் அன்றைய ஈரப்பதமும் சேர்த்து ஒரு தாளில் எழுதி ஹேங்கரில் வையுங்கள். ஜூலையில் புகார் வரும்போது ஒப்பிட வறண்ட எண் கையில் இருக்கும். மழைக்காலப் பழுதுக்குப் பிறகு மெஷினை விடுவிக்கும்போது இன்னொரு முறை நனைத்து அளந்து, அந்த நனைந்த எண்ணையும் டெக் லாக்கில் எழுதுங்கள்.